ஸ்டவ் இல்லாத வீடு

ஸ்டவ்வே கெடையாதுங்க சார் எங்க வீட்ல. எம்பத்திமூணுலயே கேஸ் வந்துருச்சு. புக்கு இருக்குது, வேணுமின்னா நாளைக்குக் கொண்டாந்து காட்டறனுங்க. போலீஸ்காரங்க ரெண்டு தடவ வந்து தேடிட்டுப் போனாங்க. கட்டலுக்குக் கீழ, பரணு மேல, குளிக்கற எடத்துலகூடப் பாத்தாங்க. இல்லாத பொருளு எங்க சார் கெடைக்கும்.

இல்லீங்க, நிக்கறனுங்க. பரவால்லீங்க. சரி, உக்காந்துக்கறன்.

மேஜிஸ்ட்ரேட்டு சாரு நம்மூர்ப் பக்கம்னு வெளிய பியூனு சொன்னாரு. எனக்கு இந்தி நல்லாவே வருமுங்க. டெல்லிக்கு வந்து பன்னெண்டு வருஷமாச்சு. இருந்தாலும் இதத் தமிழ்ல சொன்னாத் தேவலைன்னு இருந்துச்சு. உங்க முன்னாடி இருக்கற காயிதம் எனக்குத் தெரியுமுங்க. ஏட்டு எழுதும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். எங்க வீட்டுக்காரி சொன்னதா மூணு வார்த்தை இருக்கும். ஸ்டோவ் ஃபட் கயா. ஸ்டவ் வெடிச்சுப்போச்சு, அவ்வளவுதான். கையில கட்டு போட்டிருந்ததால கால் பெருவெரல்ல மை வெச்சு எடுத்தாங்க.

ஆமாங்க, அவ வாயால சொன்னதுதான். ஏட்டு மேல தப்பில்லீங்க.

எதுக்கு அப்பிடிச் சொன்னான்னுதான் கேக்கறீங்க. அதுக்குத்தான் வரனுங்க. ஆனா நேரா அங்க போனா உங்களுக்குப் புரியாது. நடுவுல ஒரு எஞ்சின் இருக்குது. எஞ்சினச் சொல்லாம பவுனுவச் சொல்ல முடியாதுங்க. பவுனுங்கறது எங்க வீட்டுக்காரி பேரு. அங்க எழுதியிருப்பாங்க.

இன்னொண்ணு சொல்லிப்போடறன். எங்க சந்துல பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரரு நேத்து ஒரு ஸ்டவ் கொண்டாந்து குடுத்தாரு. பழசு, கருகுனது, பர்னர் பிஞ்சு கெடக்குது. பையா, இத வீட்ல வெச்சுக்கோ, இதான் வெடிச்சுதுன்னு காட்டு, ஃபைலு மூடிருவாங்கன்னாரு. நல்ல மனுசருங்க, கெட்ட எண்ணத்துல சொல்லல. மாமனாரும் ஊர்லருந்து வந்து, எம் மாப்ளை தங்கம், வரதட்சணைன்னு ஒரு குண்டுமணி கேட்டதில்லைன்னு உங்க ஆபீஸ்லயே எழுதிக் குடுத்துட்டாரு. அதனால ஸ்டவ்தான்னு நானும் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. எனக்குத் தெரியுமுங்க. அந்த ஸ்டவ்வ நான் வாங்கி வாசல்லயே வெச்சுட்டு வந்துட்டேன்.

வேண்டாமுங்க, தண்ணியெல்லாம் வேண்டாம்.

எம் பேரு பெரியண்ணன், நான் நாமக்கல்லுங்க. பதினாலு வயசுலருந்து லாரிப் பட்டறை. டீசல் எஞ்சின் எனக்குத் தண்ணி பட்ட பாடு. எழுவத்திநாலுல இங்க கவர்மெண்ட்டு டிப்பார்ட்மெண்ட்டு ஒர்க் ஷாப்புல மெக்கானிக்கா எடுத்தாங்க. கரோல் பாக்ல ஒரு ரூமும் பின்னால தகரக் கொட்டாயும் வாடகைக்கு. கொட்டாயில ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை யாராச்சும் வண்டி கொண்டாருவாங்க. தப்புதானுங்க. கவர்மெண்ட்டு ஆளு வெளி வேலை செய்யக்கூடாது, ரூல்ஸ் இருக்குது. தெரிஞ்சேதான் செஞ்சேன்.

பட்டாபி சாருன்னு எங்க டிப்பார்ட்மெண்ட்டுலயே ஆபீசரு. ஜனக்புரியில இருக்காரு. அவங்கப்பாரு வாங்குன ஃபியட்டு ஒண்ணு அவருகிட்ட இருக்குது, அம்பத்தெட்டு மாடலு. டெல்லி பூரா மாருதி வந்து பறக்குது. இவரு மட்டும் அந்த ஃபியட்ட விக்க மாட்டேன்னாரு. ஆனா ஓடறதும் ஓடோணும்னாரு. ரிட்ஜ் ரோட்டு மேட்டுல ஏறும்போது மாருதிக்காரன் பின்னால நின்னுக்கிட்டு ஹாரன் அடிச்சா அவருக்கு மூஞ்சி சுருங்கிப்போயிரும். ஒருநா வெள்ளக்காரன் புஸ்தகம் ஒண்ணக் கொண்டாந்து விரிச்சாரு. பெரியண்ணன், இத நம்ம வண்டிக்குப் போடலாமான்னு கேட்டாரு. டர்போ.

தெரியாதுங்களா. பரவால்லீங்க, பெரிய வித்தை ஒண்ணுமில்ல. எஞ்சின்லருந்து பொகை வெளிய போவுதில்லீங்களா, அது சும்மா போவாது, வேகமாப் போவும். அந்த வேகத்துல ஒரு சக்கரத்தச் சுத்த விடறது. அந்தச் சக்கரத்தோட அச்சுலயே இந்தப் பக்கம் இன்னொரு சக்கரம். அது வெளிக் காத்த இழுத்து எஞ்சினுக்குள்ள ஊதும். கொல்லன் ஒலையில துருத்தி ஊதற மாதிரிதான். காத்து ஜாஸ்தி போனா பெட்ரோலும் ஜாஸ்தி எரியும், இழுவை கூடும். வீணாப் போற பொகைய வெச்சே வேலை வாங்கறது. அதுதான் பட்டாபி சாருக்குப் புடிச்சுப்போச்சு.

டர்போவ மாயாபுரியில புடிச்சோம். பழைய வண்டியெல்லாம் ஒடைப்பாங்களே, அங்க. ஏதோ எம்பசிக்காரன் வண்டி, அடிபட்டு வந்தது, டீசலு. அதுல இருந்துச்சு. நம்ம எஞ்சினுக்குக் கொஞ்சம் பெரிசுதான். ஆனா சக்கரத்த வெரலால தட்டுனா நிக்காம சுத்துச்சு, ஆட்டமே இல்ல. வாங்கி மடியில வெச்சுக்கிட்டே பஸ்ல வந்தேன்.

இதுல சிக்கலு எங்கன்னா, கார்புரேட்டருங்க. பெட்ரோலையும் காத்தையும் கலக்கற சாமானம். அது உறிஞ்சறதுக்குன்னே செஞ்சது. எஞ்சின் கீழருந்து உறிஞ்சும், பெட்ரோலு உள்ளதான் போவும், எங்க சந்து இருந்தாலும் வெளிய வராது. முப்பது வருஷம் அப்பிடியே ஓடுன சாமானத்துல நாம மேலருந்து ஊதுனா என்ன ஆவும். எங்கெங்க இடுக்கு இருக்குதோ அங்கெல்லாம் வெளிய வரும்.

டர்போவுக்கு முன்னாடி கார்புரேட்டர வெச்சா இந்தத் தொல்லையே இல்லைங்க. அதுவும் ஒரு வழி. புஸ்தகத்துலயே ரெண்டு படமும் இருந்துச்சு. ஆனா டெல்லிக் குளுருல அது ஒறைஞ்சுபோயிரும், பெட்ரோலு கொழாயிலயே தங்கிரும்னு சாரு படிச்சுச் சொன்னாரு. நானும் ஊதற வழியே போலாம்னேன். சாரு மேல பழி போடலீங்க. நானுந்தான் சொன்னேன்.

மொத தடவ ஓட்டுனப்ப, உள்ள மெதக்கற பித்தளை டப்பி இருக்குமுங்க, பெட்ரோலு ரொம்புனா மேல வந்து வழிய அடைக்கும், அது நசுங்கிப்போச்சு. ஊதுன அழுத்தத்துல. மிதிபட்ட டின் பால் டப்பா மாதிரி ஆயிருச்சு. வேற தடிமனா ஒண்ணு செஞ்சு போட்டேன். ரெண்டாவது, அழுத்தம் வந்தா பெட்ரோலு உள்ள வர மாட்டேங்குது. மேலருந்து அமுக்குதில்லீங்களா. அதுக்கு கரண்டு பம்பு ஒண்ணு வெச்சு, ஸ்பிரிங்க முறுக்கி, பம்போட பலத்த ஏத்துனேன். நெசமாப் பாத்தா, ஊதும்போது மட்டும் பம்பு பலமா அடிக்கோணும், ஊதாதப்ப அடங்கியிருக்கோணும். அதுக்குன்னு ஒரு வால்வு உண்டு. இங்க கெடைக்கல. நான் எந்நேரமும் பலமா அடிக்கற மாதிரியே வெச்சுட்டேன். ஓடறப்ப செரியாத்தான் இருந்துச்சு.

மூணாவது அந்த அச்சு. ஆக்ஸிலேட்டர மிதிச்சா கார்புரேட்டருக்குள்ள ஒரு தகடு தொறக்கும், அந்தத் தகட்டோட அச்சு ரெண்டு பக்கமும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். பழைய வண்டி, ஓட்டை தேஞ்சு கெடக்குது. ஊதுனா அங்க கசியுது. தேஞ்ச ஓட்டைக்குள்ள போட பித்தளையில புஷ் கடைஞ்சு ரப்பர் வளையம் போட்டேன். எடது பக்கம் நின்னுருச்சு. வலது பக்கம் லேசா ஒரு ஈரம். தொடச்சாப் போயிரும். தொடைப்பேன், வரும். கொசுவத் தட்டற மாதிரிதான் நெனச்சனுங்க அத.

அந்த புஷ்ஷு, டர்போவ எஞ்சின்ல மாட்டறதுக்கு இரும்புல பெரிய ஃப்ளேஞ்சு, எல்லாம் ஆபீஸ் லேத்துலதான் கடைஞ்சேன். எழுதிக்குங்க. எழுதிக்கறீங்களா. சரி, உங்க இஷ்டம்.

பவுனு எங்க இருந்தான்னு கேக்கறீங்க. அங்கயேதான். இந்த வேலை நடந்த எட்டு மாசமும் அங்கயேதான் இருந்தா. கொட்டாய் வாசப்படியில உக்காந்து காய் நறுக்குவா, அரிசி பொடைப்பா. இருட்டுன எடத்துல கை உட்டன்னா கூப்பிடாமயே வந்து லைட்டப் புடிப்பா. அவளுக்கு வேற போறதுக்கு எடமில்லீங்க. ஆறு வருஷம் டெல்லியில இருந்தும் இந்தி வரல. கித்னான்னா எவ்வளவு, பஸ்ஸுன்னா போதும், நஹி சாஹியேன்னா வேண்டாம், இந்த மூணு நாலு வெச்சுத்தான் காய்கறிக்காரனச் சமாளிச்சா. அவன் எதாச்சும் நீட்டிப் பேசுனா சிரிச்சுட்டு வந்துருவா. கத்துக்க புள்ளைன்னு நான் சொன்னதேயில்ல. சொல்லிக் குடுத்திருக்கலாம். எனக்குத் தோணலைங்க. நானே எல்லாம் பேசிப்போட்டேன் அவளுக்கும் சேத்து.

கொழந்தை இல்லைங்க. அதுக்கு சண்டையெல்லாம் கெடையாது. அதும் அங்க எழுதியிருப்பாங்க.

அவளுக்கு காதும் மூக்கும் ரொம்ப நெதானம். பாலு அடிபுடிக்கறது தெருக்கோடியில இருக்கும்போதே தெரியும் அவளுக்கு. எஞ்சினும் அப்பிடித்தான். பேரு எதுவும் தெரியாது, சத்தம் தெரியும். அந்த கரண்டு பம்பு சுவிட்சு போட்டா டக்கு டக்குன்னு அடிக்கும். கார்புரேட்டர் ரொம்புனதும் நின்னுரும். ஒருநா, ஏனுங்க இது வவுறு ரொம்புனா கம்முனு ஆயிருதே, உங்களாட்டம்னா. பட்டாபி சாருகூட இருந்தாரு. சிரிச்சாரு.

அவரு இவள அம்மான்னுதான் கூப்பிடுவாரு. வயசுல பெரியவரு, ஆபீசரு, இருந்தாலும் அம்மான்னுதான். வந்தா ஒரு லோட்டா மோரு குடிச்சுட்டுத்தான் வண்டி பக்கமே வருவாரு.

ஆயுத பூசை. ஆமாங்க, போன மாசம். அங்கதான் வரேன்.

ஆபீஸ் ஒர்க் ஷாப்புல பூசைய மொத நாளே முடிச்சுட்டாங்க. எங்க கொட்டாய்ப் பூசை காலையில. பவுனு அஞ்சு மணிக்கே எந்திரிச்சு வாசல் கழுவி, ஸ்பேனரு, சுத்தி, ஜாக்கி எல்லாத்தையும் தொடைச்சு வரிசையா வெச்சு சந்தனம் குங்குமம் வெச்சா. வண்டிக்கு வெச்சா. பேனட்டத் தூக்கச் சொல்லி டர்போவுக்கும் மூணு எடத்துல பொட்டு வெச்சா. இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கம்னு கேட்டா. பொரிகடலை, பூசணிக்கா, நாலு எலுமிச்சம்பழம். கட்டிக் கற்பூரம், கரோல் பாக்லயே நம்மாளு கடையில வாங்குனது. நான் வாங்கிக் குடுத்த நைலக்ஸ் சீலையக் கட்டியிருந்தா. பச்சை.

பட்டாபி சாரு ஏழரைக்கு வந்தாரு, பட்டு வேட்டி. வந்தவரு, ஒரே ஒரு தடவ ரிட்ஜ் ரோடு போயிட்டு வந்துரலாமா பெரியண்ணன்னு கேட்டாரு. மொத நாள் ராத்திரிதான் வேலை முடிஞ்சுது, அவரு இன்னும் ஓட்டிப் பாக்கல. பவுனு ஒத்துக்கல. பூசை போடாம வண்டிய எடுக்கக் கூடாதுன்னா. இது பழைய வண்டிதான அம்மா, முப்பது வருஷமா ஓடுதேன்னாரு அவரு. இல்லீங்க, இது இப்ப புது வண்டின்னா. நான்தான், பத்து நிமிஷந்தான் புள்ளை, வந்து போட்டுக்கலாம்னு சாவியப் போட்டேன்.

அவ சொன்னபடி பூசைய மொதல்ல போட்டிருந்தா எஞ்சின் ஆறிக் கெடந்திருக்கும். பம்பும் போட்டிருக்க மாட்டேன். கற்பூரத்தக் காட்டியிருப்பா, கண்ணுல ஒத்திக்கிட்டு உள்ள போயிருப்பா.

போனோமுங்க. சங்கர் ரோடு தாண்டி மேட்டுல ஏத்துனேன். மூணாவது கியர்லயே ஏறுச்சு. ஊதற அழுத்தம் ஆறு பவுண்டு காட்டுச்சு மீட்டரு. விசிலு மாதிரி ஒரு சத்தம் வருமுங்க, டர்போ சுத்தறது. முன்னாடி ஒரு மாருதி போனான், தாண்டுனோம். பட்டாபி சாரு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு. எனக்கு அப்ப எவ்வளவு சந்தோசம்னு இப்ப சொல்றதுக்கே கூசுதுங்க. எட்டு மாசம் பாருங்க.

திரும்பி வந்து நிறுத்தறப்ப எட்டே முக்கால் ஆயிருச்சு. ஒம்பதுக்கு ராகுகாலம். பவுனு தட்டோட வாசல்ல நிக்கறா. பேனட்டத் தூக்குனேன். டர்போ செவந்து கெடக்குது. பகல்ல அவ்வளவாத் தெரியாது, பக்கத்துல போனா அனல் அடிக்கும். அவ வெச்ச சந்தனம் கருகிப்போயிருந்துச்சு. அதப் பாத்து, உங்க சாமிக்கு இவ்வளவு கோவமான்னு கேட்டா. சக்கரத்துக்குக் கீழ நாலு எலுமிச்சம்பழத்தையும் வெச்சா. நான் போய் சீட்டுல உக்காந்துக்கிட்டேன். பூசை முடிஞ்சதும் ஸ்டார்ட் பண்ணி பழத்து மேல ஏத்தோணுமில்லீங்களா.

எப்பவும் நான்தான் கற்பூரம் காட்டறது. அன்னிக்கு நான் சீட்டுல உக்காந்துட்டதால பட்டாபி சாரு, அம்மா கையாலயே காட்டட்டும்னாரு. அவளுக்கும் ஆசைதான்.

இப்பத்தான் நீங்க கவனமாக் கேக்கோணும். எஞ்சின நிறுத்திட்டேன், ஆனா பம்ப நிறுத்தல. பம்புக்குத் தனி சுவிட்சு, டேஷ்போர்டுக்குக் கீழ. மறக்கலீங்க. வேணும்னேதான் விட்டேன். எஞ்சின் சூட்டுல நின்னா கார்புரேட்டர்ல பெட்ரோலு ஆவியாயிரும், மறுபடி ஸ்டார்ட் பண்ணா நாலு தடவ இழுக்கும். பட்டாபி சாரு முன்னாடி ஒரே தடவையில புடிக்கோணும்னு இருந்துச்சு எனக்கு. அவ்வளவுதானுங்க. வேற காரணம் இல்ல.

நான்தான் சொன்னேன்ல, ஊதாதப்ப பம்பு அடங்கியிருக்கோணும், என் பம்பு அடங்காதுன்னு. எஞ்சின் நின்னுபோச்சு, ஊதறது நின்னுபோச்சு, பம்பு மட்டும் பழைய பலத்துலயே அடிக்குது. அந்த டப்பியோட சேந்து பெட்ரோலு வழிய அடைக்கற முள்ளு தாங்கல. பெட்ரோலு ரொம்பி, வலது பக்கம் அந்த அச்சு வழியா எறங்கியிருக்குது. நேரா கீழ டர்போ. அதுல பட்டு பட்டு ஆவியாவே ஆயிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. பேனட்டுக்கு அடியில தேங்கி நின்னிருக்கும்.

அவளுக்குத் தெரிஞ்சுதுங்க. பேனட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, ஏனுங்க, இது இன்னிக்கு நிக்காம அடிச்சுக்கிட்டே இருக்குதேன்னா. வாசமும் அடிக்குதுன்னா.

நான் என்ன சொன்னேன்னா, ஷெட்டுன்னா வாசம் அடிக்கத்தான் செய்யும், ராகுகாலம் வந்துரும், பத்த வைய்யின்னேன்.

ஆமாங்க. அவ கேட்டா. நான் பத்த வைய்யின்னு சொன்னேன். இந்த வார்த்தைய எழுதிக்குங்க சார், மாத்தாம.

எடது கையில மணி, வலது கையில தட்டு. எனக்கு ஒண்ணும் தெரியலைங்க, பேனட்டு மறைச்சுக்கிட்டிருந்துச்சு. மணிச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. மூணு சுத்து சுத்தோணும். ஒரு சுத்து ஆயிருக்கும்னு நெனைக்கறன். மணி நின்னுபோச்சு. அடுத்தது ஒரு சத்தம், பெருசா இல்ல, கெட்டித் துணிய ஒதறுனா வருமே அந்த மாதிரி. பட்டாபி சாரு கண்ண மூடிக் கும்புட்டுக்கிட்டு இருந்தாராம். அவருதான் மொதல்ல போனாரு. இடுப்பு வேட்டிய உருவி அவ மேல சுத்தி உருட்டுனாரு. அவரு ரெண்டு கையும் வெந்துபோச்சு. நான் கதவத் தொறந்து எறங்கறதுக்குள்ள, நைலக்ஸுங்க அது, தெரியுமில்லீங்களா.

பம்பு அப்பவும் அடிச்சுக்கிட்டிருந்துச்சு. மண்ணு வாரிப் போட்டு, பக்கத்து வீட்டுக்காரரு ஒயரப் புடுங்குன பொறகுதான் நின்னுச்சு.

வண்டிங்களா? வண்டிக்கு ஒண்ணும் ஆகலீங்க. ஒயரிங்கும் பேனட்டுப் பெயிண்ட்டும்தான். டர்போ நல்லாத்தான் இருக்குது. போன வாரம் தட்டிப் பாத்தேன், சுத்துது.

பட்டாபி சாரு எப்பக் கூப்பிட்டாலும் வந்து சொல்றேன்னாரு. நீங்க வேணா கூப்பிட்டுக் கேளுங்க. எம் பேர வெளிய விடாதேன்னு அவரு ஒரு வார்த்தை சொல்லலைங்க. கட்டுப் போட்ட கையோட தெனமும் ஆஸ்பத்திரி வாசல்ல வந்து உக்காந்தாரு. வெளிய தெரியக் கூடாதுன்னு நெனச்சதெல்லாம் நானா நெனச்சது. வேலை போயிரும், ஆபீஸ் லேத்துல செஞ்சது தெரிஞ்சுரும், சாருக்கும் கெட்ட பேரு. அந்த நேரத்துல அதெல்லாம் வரிசையா ஞாபகம் வந்துச்சு பாருங்க. எப்பிடி வந்துச்சுன்னு எனக்கே தெரியல.

ஸ்டவ்வுங்களா. டெல்லியில தெனமும் எங்கயாச்சும் ஒரு ஸ்டவ் வெடிக்குது, பேப்பர்ல ரெண்டு வரி போடறான். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க போலன்னு நெனச்சேன். அப்பிடி வெடிச்சதுல பாதி வெடிச்சதில்ல, கொளுத்துனதுன்னு எனக்குத் தெரியாதுங்க. கல்யாணமாயி ஏழு வருஷத்துக்குள்ள பொம்பள நெருப்புல போனா, உங்களாட்டம் மேஜிஸ்ட்ரேட்டுதான் விசாரிக்கோணும்னு ஏட்டு சொன்னப்பத்தான் தெரியும். எங்களுக்கு ஆறு வருஷம்.

ஆமாங்க. இந்தி தெரியாதவ எப்பிடி இந்தியில சொன்னான்னுதான கேக்கறீங்க. நானும் அத மறக்கலைங்க.

பக்கத்து வீட்டுக்காரரு மேட்டடார் வேன்ல சீட்டெல்லாம் எடுத்துட்டு அவளப் படுக்க வெச்சோம். நான் கீழ அவ தலைமாட்டுல. அவளுக்கு நெனவு நல்லாவே இருந்துச்சு. அழுவல. குளுருதுன்னா. கரோல் பாக்லருந்து ஆஸ்பத்திரிக்கு இருவது நிமிஷம். போலீஸ் வரும், கேப்பாங்க, இந்தியிலதான் கேப்பாங்கன்னு எனக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு. அதனால நான் சொல்லிக் குடுத்தேன். யாரு கேட்டாலும் இதச் சொல்லு, வேற எதும் சொல்லாதன்னேன். ஸ்டோவ் ஃபட் கயா. மொத தடவ ஸ்டவ்வுன்னு மட்டும் சொன்னா. ஒதடு ஒட்டல அவளுக்கு. ரெண்டாவது தடவ நடு வார்த்தைய விட்டுட்டா. மறுபடி சொல்லுன்னேன்.

நடுவுல அவ என்னமோ சொல்ல வந்தா. ஏனுங்கன்னு ஆரம்பிச்சா. மொதல்ல இதச் சரியாச் சொல்லு, மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்னேன்.

மூணாவது தடவ சரியாச் சொல்லிட்டா. அதுக்குள்ள ஆஸ்பத்திரி வந்துருச்சு.

அப்பறம் மூஞ்சியெல்லாம் வீங்கி கண்ணு மூடிப்போச்சு, மேல கட்டுப் போட்டுட்டாங்க. ஒம்பது நாளு இருந்தா. யாரு வந்திருக்காங்கன்னு தெரியாது, பக்கத்துல ஆளு வந்து நிக்கறது மட்டும் தெரியும். நர்சு வந்தா அதச் சொல்லுவா. டாக்டரு வந்தா அதையே சொல்லுவா. ஏட்டு வந்தப்பவும் அதத்தான் சொன்னா, எழுதிக்கிட்டாரு. அவங்கப்பாரு வந்து அழுதப்பவும் அதையேதான் சொன்னா, அவருக்கு என்னன்னு புரியல. நான் போய் நின்னு, பவுனு, நான்தான்னு சொன்னாலும் அதையேதான் சொன்னாளுங்க.

கையெழுத்து எங்க போடோணும்? இங்கயா, கீழயுமா?